பதினெட்டு நாள் வித்தியாசம்

பதிவறைக்கு மாறுதல் ஆணை வந்த அன்று உங்கள் வீட்டில் யாரும் கேசரி கிண்டியிருக்க மாட்டார்கள். என் வீட்டிலும் கிண்டவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் யாரை எங்கே வைப்பது என்று தெரியாதபோது பதிவறையில் வைப்பார்கள். நான் ஒரே கோப்பில் ‘விதிப்படி இயலாது’ என்று மூன்று முறை எழுதியதால் அங்கே போனேன். போன பிறகு வெளியே வர மனம் வரவில்லை. ஓய்வு பெறும்வரை இருந்துவிட்டேன்.

நடைமுறையை நான் சொல்லப்போவதில்லை. எந்தப் படிவம், எத்தனை ஆண்டுத் தேடல், நகலில் யார் கையெழுத்து, முத்திரை எந்த மூலையில் என்பதெல்லாம் அச்சடித்து உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியிலேயே கிடக்கிறது. அதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்த ஓர் ஆள் எப்படித் தப்புச் செய்தான் என்பது அங்கே கிடக்காது. அதைத்தான் எழுதுகிறேன். அந்த ஆள் நான்.

முதலில் அறையைப் பற்றிக் கொஞ்சம். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்குச் சன்னல் வழியாக வெயில் வரும். சிவப்புத் துணியில் கட்டிய பிறப்புப் பதிவேடுகள்மேல் அது விழும்போது, தூசி எழுந்து மெதுவாகச் சுற்றும். பழைய பதிவேடுகளில் குழந்தையின் பெயர் இருக்காது. பிறந்த வாரத்தில் யார் பெயர் வைக்கிறார்கள்? ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மட்டும் அந்தக் கால ஊர் அதிகாரியான மணியகாரர் எழுதியிருப்பார். பெயர்ப் பத்தி வெள்ளையாகக் கிடக்கும். பக்கத்துக்குப் பக்கம் அப்படிப் பெயரில்லாத குழந்தைகள் வரிசையாகப் படுத்திருக்கும். அவர்களில் பெரும்பாலோர் வளர்ந்து, கிழமாகி, போயும் சேர்ந்தாயிற்று என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வெயிலில் பக்கத்தைத் திருப்பும்போது, தூங்குகிற பிள்ளைகளை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல என் கை தானாகவே மெதுவாகும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின ஆண்டு, ஆடி மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று சன்னல் கதவை அடித்துக்கொண்டே இருந்தது. கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என் மேசைக்கு முன் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் கனம் அளக்கும் மைக்ரோமீட்டர் வைத்திருந்தார். பட்டறையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். எனக்கு எந்த ஊர், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், சர்க்கரை இருக்கிறதா என்பதையெல்லாம் விசாரித்து முடித்தார். நம் பக்கத்தில் வந்த காரியத்தை உடனே சொல்வது மரியாதை ஆகாது.

அரை மணி நேரம் கழித்துத்தான் “ஏனுங்க சார், ஒரு சங்கதிங்க” என்று ஆரம்பித்தார்.

அவருடைய மகளுக்கு நிச்சயமாகியிருந்தது. பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு. ஆவணியில் முகூர்த்தம். நிச்சயத்தன்று பந்தியில் அவர் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர், “மாப்பளையோட பூட்டன் அந்த ஊட்டுப் பிள்ளையே இல்லையாமா. காரமடைப் பக்கம் நம்ம கூட்டத்து ஊட்டுல பொறந்து அங்க போனதாமா” என்று சொல்லிவிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

உங்களில் வெளியூர்க்காரர் இருந்தால் அவருக்காகச் சொல்கிறேன். ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் கொடுப்பதும் எடுப்பதும் இங்கே கிடையாது. எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பங்காளி வீட்டுப் பையன் அண்ணன் முறை. அந்தச் சொந்தக்காரர் சொன்னது உண்மையானால் கல்யாணம் நிற்கும். கூட்டங்களின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இரண்டிலும் எனக்கு நண்பர்கள் உண்டு. இரண்டிலும் வக்கீல்களும் உண்டு.

“வந்த எடமெல்லாம் வேண்டாமுன்னு சொன்ன பொண்ணுங்க. இதுக்குத்தான் சரின்னா. அவகிட்ட இன்னும் சொல்லுலீங்க” என்றார் அவர்.

கையில் ஒரு படம் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் பூட்டனின், அதாவது தாத்தாவுடைய அப்பாவின், ஜாதக நோட்டு இருந்தது. ஏதோ சாக்குச் சொல்லி அதைச் செல்பேசியில் படமெடுத்திருந்தார். பூட்டன் பெயர் மாரப்பன். தகப்பன் சின்னச்சாமி. கார்த்திகை மாதப் பிறப்பு.

தேடல் மனு எழுதி வாங்கினேன். அன்று மாலைக்குள் மாப்பிள்ளை ஊரின் பிறப்புப் பதிவேட்டில் சின்னச்சாமியின் ஆண் குழந்தை கிடைத்துவிட்டது. ஆனால் அது ஐப்பசி. பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்கிட்டால் ஜாதகத்துக்கும் பதிவேட்டுக்கும் பதினெட்டு நாள் வித்தியாசம்.

இப்படிப்பட்ட வித்தியாசம் நாளைக்கே உங்களிடம் வரும். பள்ளிக்கூடச் சான்றில் ஒரு தேதி, ரேஷன் அட்டையில் ஒன்று, ஜாதகத்தில் ஒன்று. தலைமையாசிரியர் புண்ணியத்தில் இந்தத் தமிழ்நாட்டில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்கள். இதையெல்லாம் பார்த்துப் பழகிய எனக்கு ஒரு திமிர் வந்திருந்தது. மறுநாள் அவர் வந்தபோது நகலைக் கையில் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அலுவலகம் நகல் தரும், கருத்துத் தராது. இதை நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு, “பதிவேடுதான் சரிங்க. அது அப்பவே எழுதினது. ஜாதகம் பின்னாடி எவனோ தப்பாக் கணிச்சது. உங்க சொந்தக்காரர் சொன்னது கதை. தைரியமாக் கல்யாணத்தை நடத்துங்க” என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். அந்த வாரமே பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்துவிட்டார்.

எங்கள் பதிவறையில் எழுத்தராக ஓர் அம்மா இருந்தார். பதவியில் எனக்குக் கீழே, பதிவறை அனுபவத்தில் எனக்கு மேலே. மதிய நேரத்தில் மற்றவர்கள் வார இதழ் படிப்பார்கள். இவர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு இறப்புப் பதிவேடு படிப்பார். எந்த ஊரில் எந்த வருடம் காலரா வந்தது, எந்த வீட்டில் வரிசையாக மூன்று போயிற்று என்பதெல்லாம் அடுத்த தெருச் சங்கதிபோலச் சொல்வார். பட்டறைக்காரர் போன மறுநாள் என்னிடம் வந்து நின்றார்.

“ஏனுங்க சார், பொறப்பப் பாத்தீங்க. எறப்பப் பாத்தீங்களா?”

யாரும் கேட்கவில்லையே என்றேன்.

“ஒரு ஆளு ரெண்டு நாள்ல பொறக்க முடியாதுங்க. ரெண்டு பொறப்பு இருந்தா ரெண்டு கொழந்தை இருந்திருக்குமுங்க. ஒண்ணு என்னாச்சுன்னு பாக்கோணுமல்லங்க?” என்று சொல்லி, இரண்டு பதிவேடுகளை என் மேசையில் விரித்தார்.

முதலாவது, மாப்பிள்ளை ஊரின் இறப்புப் பதிவேடு. சின்னச்சாமியின் ஆண் குழந்தை, வயது பதினாறு நாள், காய்ச்சல். ஐப்பசியில் பிறந்த குழந்தை அதுதான். அது வளரவே இல்லை.

இரண்டாவது, காரமடைப் பக்கத்து ஊர்ப் பதிவேடு. அந்தக் குழந்தை இறந்து இரண்டாம் நாள், ஜாதகம் சொன்ன அதே நாளில், நாச்சிமுத்து என்பவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது. நாச்சிமுத்து, பெண் வீட்டுக் கூட்டத்துக்காரர். மறுநாள் அதே ஊர் இறப்பு வரிசையில் அவர் மனைவி. காரணம், பிரசவம்.

விளக்க ஒன்றும் இல்லை. ஓர் ஊரில் தாய் இல்லாத குழந்தை. நடந்து போகும் தூரத்தில் இன்னோர் ஊரில் குழந்தை இல்லாத தாய், மாரில் பால் கட்டிக்கொண்டு. காற்று பக்கங்களைப் புரட்டப் பார்த்தது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சோளக்காட்டுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் யாரோ ஒருவர் துணியில் சுற்றிய ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு போவது கண்ணுக்குள் தெரிந்தது. பனி இறங்கிய கார்த்திகைக் காலை. அவர் வேகமாகவும் நடக்கவில்லை, நிற்கவும் இல்லை. போய்க்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அந்த அம்மா டீ வாங்கி வந்து வைத்த பிறகுதான் சன்னல் அடிக்கும் சத்தம் காதில் விழுந்தது.

பிறகுதான் ஜாதகத்தை நான் எவ்வளவு அலட்சியமாகத் தள்ளினேன் என்பது உறைத்தது. செத்த பிள்ளையின் இடத்தில் வந்த பிள்ளையை வைத்து, ஊரார் வாயை அடைத்துவிட்டார்கள். மணியகாரரும் கண்டுகொள்ளவில்லை. தகப்பன் பெயரை மாற்றினார்கள். ஆனால் ஜாதகம் எழுத உட்கார்ந்தபோது பிறந்த நேரத்தை மாற்றக் கை வரவில்லை. பொய் நேரம் கொடுத்தால் பிள்ளையின் தலையெழுத்தே பொய்யாகிவிடும் என்று பயந்திருக்கிறார்கள். அந்தப் பயத்தால்தான் அகப்பட்டுக்கொண்டார்கள். பதிவேட்டை ஊருக்காக எழுதுவார்கள், ஜாதகத்தைக் குழந்தைக்காக எழுதுவார்கள். இரண்டும் முரண்பட்டால் யார், எதற்காகச் சொல்லி எழுதியது என்று பாருங்கள். தெளிவான கையெழுத்து என்பதால் மட்டும் ஒன்றை நம்பிவிடாதீர்கள்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அடுத்து என்ன? விதிப்படி எனக்கு எந்தக் கடமையும் இல்லை. இறப்பு நகல் யாரும் கேட்கவில்லை. காரமடைப் பக்கத்து ஊரில் தேடச் சொல்லி யாரும் மனுக் கொடுக்கவில்லை. நான் சொன்ன கருத்து காகிதத்தில் இல்லை. பதிவேட்டைத் துணியில் கட்டி அலமாரியில் வைத்துவிட்டால் இன்னொரு நூறு வருடம் யாரும் தொடமாட்டார்கள். சின்னஞ்சிறுசுகள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு மனம். நான்கு நாள் அந்தப் பதிவேடுகளை என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். மாலையில் அலமாரிக்குத் திரும்பாத பதிவேட்டுக்கு மெமோ கொடுக்கும் அதிகாரி நான்தான்.

எழுத்தர் அம்மா என்னைக் கேட்கவில்லை. ஒரு தடவை மட்டும், “அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு வேற யாராச்சும் சொல்லுவாங்க சார். கொழந்த குட்டி ஆனதுக்கப்புறம் சொல்லுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாலு மணி பஸ் ஆளை நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பட்டறைக்காரரே வந்தார். கூடவே மகளும். பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகை. “சாரு இல்லைனா இந்தக் காரியமே இல்லீங்க” என்று தட்டை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. “முதல்ல உட்காருங்க, நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன்” என்றேன். மகளுக்கு எதுவும் தெரியாதே என்று அவர் கண்ணால் ஜாடை காட்டினார். அதைப் பார்க்காததுபோலப் பதிவேடுகளை எடுத்து மேசைமேல் வைத்து, மூன்று பதிவுகளையும் வரிசையாகக் காட்டினேன். என் பணிக்காலத்தில் விதி கேட்காத ஒன்றை நானாகச் செய்தது அதுதான் முதல் முறை.

அவர் தட்டை மேசை ஓரத்தில் இறக்கி வைத்தார். பிறகு மெதுவாக, “அப்பப் பங்காளிங்களா” என்றார்.

மகள் வார்ப்படத் தொழிற்சாலையில் தரச் சோதனையில் இருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தப் பெண் அழாமல் விரலை வைத்து ஒவ்வொரு பத்தியாகப் படித்தாள் என்பதுதான். படித்து முடித்துவிட்டு அப்பாவிடம் திரும்பி, இத்தனை நாள் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். மூன்றுக்கும் நகல் வேண்டும் என்று அவளே மனு எழுதினாள்.

“அவிங்க ஊட்டுல போயிச் சொல்லிப்போடலாமுங்கப்பா. மறைச்சு வெச்சுட்டு நான் அங்க போயிப் பொழைக்க முடியாது” என்றாள்.

பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார். “சாரும் வரோணுமுங்க. நான் சொன்னா பங்காளின்னு சொல்லி நெலத்துல பங்கு கேட்டு வந்திருக்கறான்னு நெனச்சுப்போடுவாங்க” என்றார். அரசு ஊழியர் நகலோடு கூடப் போவதற்கு விதி இல்லை. ஒரு நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

மாப்பிள்ளை வீட்டில் எங்களைக் கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்களாக நினைத்து எல்லோரும் ஓடி ஓடி உபசரித்தார்கள். மாரப்பனின் மகன், அதாவது மாப்பிள்ளையின் தாத்தா, உயிரோடு இருந்தார். எண்பதைத் தாண்டியவர். பார்வை மங்கல், காதும் மந்தம். பட்டறைக்காரர் பாதியிலேயே நிறுத்திவிட்டதால் மீதியை நான்தான் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா முகம் வெளுத்துப் போனது. அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

பெரியவருக்குத் தெரிந்திருந்தது.

“எங்கய்யன் சாகறப்பச் சொன்னாருங்க. எந்த ஊரு, எந்த ஊடுன்னு அவருக்கே தெரியாது. தூக்கிட்டு வந்த மகராசி, கேக்காத சாமின்னு சொல்லிப்போட்டுதாமா” என்றார். அவர் அப்பா ஒவ்வொரு வருடமும் கார்த்திகையில் தான் பிறந்த நாளுக்கு மறுநாள் ஒரு பொழுது இருப்பாராம். சாயங்காலம் ஓர் இலை போட்டு, பச்சைப் புடவை ஒன்று வைத்துக் கும்பிடுவாராம். யாருக்கு என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவர் போன பிறகு மகன் அதைத் தொடர்ந்து செய்துவருகிறார். பெயர்கூடத் தெரியாமல் எழுபது எண்பது தடவை போட்ட இலை.

பட்டறைக்காரர் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. “என்ன இருந்தாலும் ரத்தம் ஒண்ணுதானுங்களே” என்றார்.

பெரியவர் கோபப்படவில்லை. “எங்கய்யனுக்கு முடி எறக்குனது எங்க கொலதெய்வத்துக்குங்க. காது குத்துனது எங்கப்பத்தாளோட அண்ணன் மடியில உக்கார வெச்சுங்க. தாய்மாமன் மடியில உக்காந்து குத்துன காதுங்க அது. நீங்க அப்பன மாத்திக்கச் சொல்லுங்க, சரி. மாமனை எப்படிங்க மாத்தறது?”

பட்டறைக்காரர் என் பக்கம் திரும்பினார். முதல் முறை கருத்துச் சொல்லிப் பட்டது போதும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மௌனமாக இருக்கக் கற்றுக்கொள்வதும் பதிவறை வேலைதான்.

மகள்தான் பேசினாள். சொந்தக்காரர் எல்லோருக்கும் முன்கூட்டியே இதைச் சொல்லிவிட வேண்டும், வர விருப்பம் இருப்பவர்கள் வரட்டும், வராதவர்களை ஒன்றும் சொல்லக் கூடாது என்றாள். “தாய்மாமன் மொறை ஒப்புக்கிட்டா நம்ம கோயில்லயும் ஒப்புக்குவாங்கப்பா. போயிக் கேளுங்க. அதுக்கும் மேல உங்களுக்கு மனசு வரலீனா நிறுத்திப்போடுங்க. நான் வேற யாரையும் குத்தஞ் சொல்ல மாட்டேன்.”

பட்டறைக்காரர் தங்கள் கூட்டத்துக் கோயிலுக்குப் போய்க் கேட்டார். மூன்று நாள் வாதம் நடந்ததாகக் கேள்வி. முடி இறக்கிய கோயில்தான் கூட்டம் என்று முடிந்தது. குறித்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. அவர் பக்கத்தில் இரண்டு வீட்டார் வரவில்லை. பந்தியில் கதை சொன்ன சொந்தக்காரர் முதல் ஆளாக வந்து, இரண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டிலிருந்து புறப்படும்போது முடிவு எதுவும் ஆகியிருக்கவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். பெரியவர் மட்டும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏனுங்க, அந்தம்மா பேரு அதுல இருக்குதுங்களா?”

இருக்கிறது என்றேன். நகலைக் கையில் வாங்கினார். கண் தெரியவில்லை, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நகலை வழங்கத்தான் விதி உண்டு, படித்துக் காட்ட இல்லை. அவர் பக்கத்தில் குனிந்து படித்தேன்.

“செல்லாத்தாள்.”

சரியாக விழவில்லை என்று இன்னொரு காதைத் திருப்பினார். சத்தமாகச் சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு என் கையை விடாமலே, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அந்த மூன்றாம் தரம் காது கேட்காமல் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.